சேர் ரொனால்ட் ரொஸ்: கண்டதும் காணாமற் போனதும்

மட்டக்குளியில் இருப்பவர்களுக்கு நுளம்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. களனி கங்கை கடலோடு சேரும் இடம் எங்களுடையது. மழை இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தால் போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கைக்குள் வந்து பூச்சாடித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார். அவர் வருமுன்பே எங்கள் உம்மும்மா முற்றத்து வாளியைக் கவிழ்த்துவிடுவார். டெங்குக்குப் பயந்துதான் கவிழ்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய பயம் டெங்கைவிடப் பழையது என்பது இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

உயிரியல் பாடத்தில் கலப் புன்னங்கங்களைப் படித்துக்கொண்டிருந்த ஒருநாள், மலேரியா ஒட்டுண்ணிக்குள் பச்சையவுருமணிக்கு உறவான ஒரு புன்னங்கம் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னார். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். இலையில் இருக்க வேண்டிய ஒன்று, மனித இரத்தத்துக்குள் இருட்டில் வாழும் ஓர் உயிரிடம் எதற்கு? ஆசிரியை சிரிக்கவில்லை, தேடி எழுதி வாருங்கள் என்றார். தேடிப்போன இடத்தில், அந்த ஒட்டுண்ணியை நுளம்பின் உடலுக்குள் கண்டுபிடித்த மனிதரின் வாழ்க்கை கிடைத்தது. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ரொனால்ட் ரொஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, இமயமலை அடிவாரத்திலுள்ள அல்மோறா நகரில் பிறந்தார். தந்தை பிரித்தானிய இந்தியப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ரொனால்ட் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு வைத்தியத்தில் ஆசையே இருக்கவில்லை. கவிதை, ஓவியம், இசை, கணிதம் இவற்றில்தான் மனம் இருந்தது. ஆனால் மகன் டொக்டராக வேண்டும் என்று தந்தை முடிவுசெய்துவிட்டார். (இந்த வரியை வாசிக்கும் பெற்றோர் சிலர் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க வேண்டும்.) லண்டனில் சென் பார்த்தலோமியூ வைத்தியசாலையில் சேர்ந்த ரொஸ், பாடத்தைவிடப் பாட்டெழுதுவதிலும் இசையமைப்பதிலும்தான் அதிக நேரம் செலவழித்தார். ஒரு பரீட்சையில் தேறினார், இன்னொன்றில் தவறினார். கொஞ்சக் காலம் கப்பல் வைத்தியராக இருந்தார். 1881இல் இந்திய வைத்திய சேவையில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்.

வந்த முதல் சில ஆண்டுகள் வேலை அதிகமில்லை. கணித நூல்களைத் தானாகப் படித்தார். நாவலும் எழுதினார். 1883இல் பெங்களூரில் தங்கியிருந்த பங்களாவில் நுளம்புத் தொல்லை தாங்க முடியவில்லை. யன்னலுக்கு வெளியே நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், நுளம்பு குறைந்தது. அன்று அது வெறும் வீட்டுக் காரியம். நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம்கூட அப்போது அவருக்கு இல்லை.

மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சு ஆவியால் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1880இல் அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை வைத்தியர் அல்போன்ஸ் லவெரான், நோயாளியின் இரத்தத்தில் அசையும் ஓர் ஒருகல உயிரைக் கண்டார். பலர் அதை நம்பவில்லை, ரொஸும் நம்பவில்லை. 1894இல் விடுமுறையில் லண்டன் போனபோது பற்றிக் மான்சன் என்ற வைத்தியர் நுணுக்குக்காட்டியின் முன்னால் அவரை உட்காரவைத்து அதைக் காட்டினார். யானைக்கால் நோய்ப் புழுவை நுளம்புக்குள் கண்டவர் மான்சன். மலேரியாவையும் நுளம்பே காவலாம் என்பது அவரது ஊகம். ஆனால் நுளம்பு நீரில் விழுந்து சாக, அந்த நீரை மனிதர் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் எண்ணினார். பாதி சரி, பாதி பிழை. அந்தப் பிழையான பாதியைப் பரீட்சித்துப் பார்ப்பதிலும் ரொஸின் காலம் கொஞ்சம் போனது.

1895இல் இந்தியா திரும்பிய ரொஸ் சிக்கந்தராபாத்தில் வேலை பார்த்தார். பகலில் படையினருக்கு வைத்தியம், மிஞ்சிய நேரத்தில் நுளம்பு வெட்டுதல். ஒரு நுளம்பின் வயிற்றை ஊசிமுனையால் பிரித்து, இரைப்பைச் சுவரைக் கலம் கலமாகப் பார்க்க வேண்டும். தன் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் நெற்றி வியர்வை பட்டுத் துருப்பிடித்துவிட்டதாகவும், மிஞ்சியிருந்த ஒரே பார்வைத்துண்டும் வெடித்திருந்ததாகவும் பின்னாளில் எழுதினார். புழுக்கத்திலும் விசிறியைப் போட முடியாது, வெட்டிவைத்த நுளம்பு பறந்துவிடும். இப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வெட்டியவை எல்லாம் தவறான இன நுளம்புகள். மலேரியாவைக் காவாத நுளம்புக்குள் மலேரியாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஹுசைன் கான் வருகிறார். மலேரியாவால் பீடிக்கப்பட்டு வைத்தியசாலைக்கு வந்த நோயாளி அவர். குடம்பியிலிருந்து வளர்த்தெடுத்த நுளம்புகளை வலைக்குள் விட்டு, அவரைக் கடிக்கவிடுவார்கள். இரத்தம் குடித்த ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா கூலி. 1897 ஆகஸ்ட் 16ஆம் திகதி அவரைக் கடித்தவை சிறகில் புள்ளிகள் கொண்ட, அதுவரை ரொஸ் அதிகம் கவனிக்காத வகை நுளம்புகள். இன்று நாம் அனோபிலிஸ் என்று சொல்பவை. ஆகஸ்ட் 20ஆம் திகதி மிஞ்சியிருந்தவற்றில் ஒன்றை வெட்டினார் ரொஸ். இரைப்பைச் சுவரில் வட்டமான சில கலங்கள். அவற்றுக்குள் கரிய மணிகள். மலேரியா ஒட்டுண்ணி நம் இரத்தத்தைத் தின்றபின் விட்டுவைக்கும் அதே நிறப்பொருள்! மறுநாள் வெட்டிய நுளம்பில் அக்கலங்கள் இன்னும் பெரிதாக இருந்தன. வளர்கிறது என்றால் உயிருள்ளது. அந்த மகிழ்ச்சியில் அவர் ஒரு கவிதையும் எழுதினார். ஆகஸ்ட் 20 இன்றும் உலக நுளம்பு தினம்.

பாடநூல்களில் ரொஸின் பெயர் இருக்கிறது, ஹுசைன் கானின் பெயர் இல்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வலைக்குள் படுத்து, அணாக் கணக்கில் கடி வாங்கியவர் அவர். ரொஸ் தன் எழுத்துகளில் அந்தப் பெயரை மறைக்காமல் குறித்துவைத்தார் என்பதை மட்டும் அவருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதமே மேலிடத்து உத்தரவு வந்தது. ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற இடத்துக்கு மாற்றம். மலேரியா நோயாளிகள் அரிதான ஊர். கையில் கிடைத்த நூலின் நுனி நழுவிவிட்டது. பல மாதம் மன்றாடிய பிறகு 1898இல் கல்கத்தாவில் ஆய்வுகூடம் கிடைத்தது. அங்கே வேறு பிரச்சினை. பிளேக் தடுப்பூசி பற்றிய பீதியில், ஊசியோடு வரும் வெள்ளைக்காரரைக் கண்டாலே மக்கள் விலகினார்கள். ரொஸ் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிக்கும் ஒருவகை மலேரியா உண்டு. முகம்மது பக்ஷ் என்ற உதவியாளர் நுளம்புகளையும் குடம்பிகளையும் சேகரித்து வளர்த்துக் கொடுக்க, ரொஸ் வெட்டிப் பார்த்தார். ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒட்டுண்ணியின் நூல் போன்ற வடிவங்களை நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டார். அத்தகைய நுளம்பு கடித்த ஆரோக்கியமான குருவிகளுக்கும் நோய் வந்தது. குடிநீரும் இல்லை, கெட்ட காற்றும் இல்லை, கடிதான் காரணம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1899இல் இந்தியாவை விட்டு லிவர்பூலில் வெப்பவலய வைத்தியம் கற்பித்தார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரித்தானியர் ஒருவர் பெற்ற முதல் நோபல் அது. மனித மலேரியாவின் முழுச் சுற்றையும் காட்டிய இத்தாலியர் கிராஸியோடு யார் முதல் என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார். குரு மான்சனோடும் மனக்கசப்பு ஏற்பட்டது. பெரிய மனிதர், ஆனால் பழகுவதற்கு எளிய மனிதர் அல்லர் என்றே தோன்றுகிறது. நல்ல விடயம் என்னவென்றால் சிறுவயதுக் கணிதம் திரும்பி வந்தது. நுளம்பை முற்றாக ஒழிக்கத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அணையும் என்று சமன்பாடுகளால் காட்டினார். தொற்றுநோய்களைக் கணிப்பவர்கள் இன்றும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். 1911இல் சேர் பட்டம் பெற்றார். கடைசிக் காலத்தில் பணமுடை ஏற்பட்டுத் தன் கடிதங்களையும் குறிப்புகளையும் விற்க நேர்ந்தது. 1932 செப்ரெம்பர் 16ஆம் திகதி லண்டனில் காலமானார்.

அவர் இறந்து இரண்டு வருடத்தில் எங்கள் நாட்டில் அது நடந்தது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருகி ஓடும் தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீரில் வாழாத அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குட்டைகள் தொட்டில் ஆயின. ஈரவலயத்து மக்களுக்கு மலேரியா பழக்கமில்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. மழையில்லாமல் விளைச்சலும் கெட்டிருந்தது, பசித்த உடம்பில் காய்ச்சல் ஏறியது. 1935ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் சுமார் 15 இலட்சம் பேருக்குக் காய்ச்சல், சுமார் 80,000 பேர் மரணம். கேகாலையும் குருநாகலும்தான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை.

இதை வாசித்துக் காட்டியபோதுதான் உம்மும்மா வாய் திறந்தார். அவர் பிறந்த ஊர் குருநாகல் பக்கம். அவருக்கு ஒரு மூத்த நானா இருந்தாராம், மூன்று வயதில் குளிர்காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாராம். உம்மும்மா பிறந்ததே அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. உம்மும்மாவின் உம்மா கடைசிவரை வீட்டு முற்றத்தில் ஒரு சிரட்டையில்கூட நீர் தேங்கவிட மாட்டாராம். எங்கள் வாளி கவிழும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

இனி ஆசிரியையின் கேள்வி. அந்தக் குழந்தையின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணிக்குள், ரொஸின் துருப்பிடித்த கருவியால் மட்டுமல்ல, அவர் காலத்தின் எந்தக் கருவியாலும் இனங்காண முடியாத ஒரு பொருள் இருந்தது. 1960களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அது பல மென்சவ்வுகள் சூழ்ந்த ஒரு சிறு பையாகத் தெரிந்தது. அதன் வேலை யாருக்கும் புரியவில்லை. 1970களில் ஒட்டுண்ணியிலிருந்து சுமார் 35,000 சோடி மூலங்கள் கொண்ட, வட்டமான டி.என்.ஏ. ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். இழைமணியின் டி.என்.ஏ. என்றே முதலில் நினைத்தார்கள். அதன் எழுத்துக்களைப் படித்துப் பார்த்தபோது அது பச்சையவுருமணியின் டி.என்.ஏ.வை ஒத்திருந்தது. 1990களின் நடுப்பகுதியில், அந்த டி.என்.ஏ. இருக்கும் இடம் அந்தப் புரியாத பைதான் என்று உறுதியானது. அதற்கு அப்பிகோபிளாஸ்ற் என்று பெயர்.

கதை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மிகப் பழைய காலத்தில் ஒரு கலம், ஒளித்தொகுப்புச் செய்யும் ஒரு பற்றீரியாவை விழுங்கியது. சமிக்கவில்லை, உள்ளேயே வாழவிட்டது. அதுவே பச்சையவுருமணி ஆயிற்று. அப்படி உருவான செந்நிற அல்கா ஒன்றை இன்னொரு கலம் விழுங்கியது. பெட்டிக்குள் பெட்டி. அதனால்தான் நம் இலையிலுள்ள பச்சையவுருமணிக்கு இரண்டு மென்சவ்வு, அப்பிகோபிளாஸ்றுக்கோ நான்கு. மலேரியா ஒட்டுண்ணியின் மூதாதை ஒருகாலத்தில் வெயிலில் உணவு சமைத்த உயிர்! பிறகு அந்த வம்சம் பிற விலங்குகளின் உடலுக்குள் குடிபுகுந்தது. அங்கே வெயில் இல்லை, ஆனால் சமைத்த உணவு சும்மா கிடைத்தது. பச்சையம் போயிற்று, ஒளித்தொகுப்புக்கான பரம்பரை அலகுகளும் போயின. சாதாரண தாவரமொன்றின் பச்சையவுருமணியில் 1,20,000க்கு மேற்பட்ட சோடி மூலங்கள் இருக்க, இங்கே மிஞ்சியது 35,000. இழைமணியும் தேய்ந்தது, அதன் டி.என்.ஏ. வெறும் 6,000 சோடி மூலங்கள். மனித இழைமணியில் 16,569 இருக்கின்றன. 2008இல் சிட்னித் துறைமுகத்துப் பவளங்களிலிருந்து எடுக்கப்பட்ட குரொமேரா என்ற ஒருகல உயிர் பற்றி அறிவித்தார்கள். மலேரியா ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவு, இன்னும் ஒளித்தொகுப்புச் செய்கிறது. குடும்பத்தில் வீட்டை விட்டுப் போகாதவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் போனபின் அந்தப் பையை மட்டும் ஏன் வைத்திருக்கிறது? நானும் இங்கேதான் நெடுநேரம் நின்றேன். கூர்ப்பு என்றால் தேவையில்லாததை எறிந்துவிடுவது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பழைய அல்கா ஒளித்தொகுப்பைத் தவிர வேறு வேலைகளும் செய்துகொண்டிருந்தது. அவற்றில் ஒன்று ஐசோபிரீனொயிட்டுகள் என்ற சேர்வைகளுக்கான மூலப்பொருளை ஆக்குவது. அவை இல்லாமல் ஒட்டுண்ணி வாழாது. அந்த வேலையைத் தன் பழைய கைதியிடமே கொடுத்துவிட்டு, வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை. 2011இல் ஒரு பரிசோதனையில் அப்பிகோபிளாஸ்ற்றை முற்றாக இழக்கச் செய்த ஒட்டுண்ணிகளுக்கு அந்த ஒரே மூலப்பொருளை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தக் கலங்களுக்குள் அவை தொடர்ந்து வாழ்ந்தன. கொடுப்பதை நிறுத்தியதும் செத்தன.

வைத்தியத்துக்கு இது பெரிய வாசல். மனிதருக்குள் பச்சையவுருமணியின் உறவு எதுவும் இல்லை, ஆகவே அதைத் தாக்கும் மருந்து எங்களை அவ்வளவாகத் தாக்காது. வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கிறார்களே டொக்சிசைக்கிளின், அது பற்றீரியாவைக் கொல்லும் மருந்து. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகும் பயணிகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். பற்றீரியா அல்லாத ஒட்டுண்ணியை அது எப்படிக் கொல்கிறது? அப்பிகோபிளாஸ்ற்றுக்குள் இன்னும் பற்றீரியாவின் சாயலுள்ள இறைபோசோம்கள் இருக்கின்றன. மருந்து அவற்றை முடக்குகிறது. விசித்திரம் என்னவென்றால் மருந்து பட்ட ஒட்டுண்ணி உடனே சாவதில்லை. அது செங்குழியத்துக்குள் பெருகி வெளியே வந்து, அதன் குஞ்சுகள் அடுத்த குழியங்களுக்குள் நுழைந்த பிறகுதான் அவை சாகின்றன. நல்ல அப்பிகோபிளாஸ்ற் அவற்றுக்குச் சீதனமாகக் கிடைக்கவில்லை.

ரொஸ் தொட்டியைக் கவிழ்த்த அதே பெங்களூரில் இதன் இன்னொரு அத்தியாயம் நடந்தது. 2001இல் நமிதா சுரோலியா, அவதேஷ சுரோலியா ஆகியோர், பற்பசையில் சேர்க்கப்பட்டுவந்த ட்ரைக்ளோசான் மலேரியா ஒட்டுண்ணியின் கொழுப்பமிலத் தயாரிப்பைத் தடுக்கிறது என்று எழுதினார்கள். அந்தத் தயாரிப்பு நடக்கும் இடமும் அப்பிகோபிளாஸ்ற்தான். பின்வந்த ஆய்வுகள், இரத்தத்தில் இருக்கும்போது ஒட்டுண்ணிக்கு அந்தத் தயாரிப்பு கட்டாயமில்லை, ஈரலில் வளரும் கட்டத்தில்தான் அது முக்கியம் என்று காட்டின. நினைத்தது போல எளிதான மருந்தாகவில்லை, ஆனால் ஒட்டுண்ணியின் வீட்டுக் கணக்கு இன்னும் கொஞ்சம் தெரியவந்தது. ரொஸுக்கும் முதலில் வெட்டிய நுளம்புகள் பிழையானவைதானே.

புன்னங்கத்தை இன்னும் ஆழமாக இழந்தவர்களும் இருக்கிறார்கள். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிரிப்தொஸ்பொரிடியம் மலேரியா ஒட்டுண்ணியின் உறவினர். அது அப்பிகோபிளாஸ்ற்றையே முழுதாக இழந்துவிட்டது. ஜியார்டியாவிடம் இழைமணியே இல்லை என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, 2003இல் அதற்குள் இழைமணியின் சுருங்கிய மிச்சத்தைக் கண்டார்கள். அப்படியானால் யாராலும் முற்றாக இழக்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது. 2016இல் சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலில் வாழும் ஓர் ஒருகல உயிர் விடை சொன்னது. அதனிடம் இழைமணியின் சுவடே இல்லை. இழைமணி செய்த முக்கியமான வேலை ஒன்றுக்குப் பற்றீரியாக்களிடமிருந்து மாற்று ஏற்பாடு பெற்றுக்கொண்டு, பழையதை விட்டுவிட்டது.

அதே 2016இல், செப்ரெம்பர் 5ஆம் திகதி, உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. உள்நாட்டில் பரவிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். அதற்கு முன்னும் ஒருமுறை வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டி.டி.ரி. தெளிப்பால் 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளிகள். கொண்டாடிவிட்டுக் கையை எடுத்தார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அந்த முறை காய்ச்சலில் படுத்தவர்களில் உம்மும்மாவும் ஒருவர். கசப்பான குளுசையின் ருசி இன்னும் நாக்கில் இருப்பதாகச் சொல்கிறார். காவும் நுளம்பு இன்றும் நாட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவர்களும் வருடந்தோறும் அகப்படுகிறார்கள். அவர்களை உடனே தேடிப் பிடிப்பதற்காகவே மலேரியா எதிர்ப்பு இயக்கத்தினர் இன்னும் வேலை செய்கிறார்கள்.

கட்டுரையை முடித்து உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காய்ச்சற் பூச்சிக்குள் இலையின் துண்டு ஒன்று இருக்கிறது என்றதும் அவர் நம்பவில்லை, படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. நான்கு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. பச்சைப் பென்சிலை எடுத்தேன், அதில் பச்சையம் இல்லை என்பது ஞாபகம் வர வைத்துவிட்டேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைக்காரர் நுளம்பைக் கண்டுபிடித்தது எந்த வருடம் என்று கேட்டார். 1897 என்றேன். நானா மௌத்தானது 1935இல். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்றாம் முறை விரல்கள் முடிந்து, நான்காம் முறை பாதியில் நிறுத்தினார். அசர் பாங்கு சொல்லிக் கேட்டது. எழுந்து ஒழுச் செய்யப் போகிற வழியில், காலையில் பெய்த மழைக்கு மீண்டும் நிறைந்திருந்த வாளியைக் காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.